பூந்தமல்லி சமோசா எண்ணெய் விமானத்துக்குப் போகிறதா?

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் மும்தாஜ் அக்காவின் சமோசா கடைக்கு நான் வாராவாரம் போவேன். போன மாதம் ஒரு சாயங்காலம், பொரித்து முடித்த எண்ணெய் இருந்த கேன்களைக் காட்டிக் கேட்டார்: "கம்பெனி வண்டில இத்த எட்த்துகினு போய் ஏரோப்ளேனுக்கு ஊத்துறாங்களாம். நீதான் ஊர் ஊரா சுத்துறியே, நெசமாம்மா?"

பழைய சமையல் எண்ணெயைச் சுத்திகரித்து விமான எரிபொருளாக்கலாம், வழக்கமான எரிபொருளோடு கலந்தால் மொத்தக் கணக்கில் காற்றில் சேரும் கரியமில வாயு குறையும் என்பதுவரை படித்திருக்கிறேன். இந்தக் கேன் அங்கே போகிறதா என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அக்காவின் கவலை வேறு. பைக்கில் வரும் ஒருவர் இதே எண்ணெய்க்குக் கூடுதல் விலை சொல்கிறார். எங்கே கொண்டுபோகிறார் என்று மட்டும் சொல்வதில்லை. ஏதாவது தள்ளுவண்டிக்குப் போய் மறுபடி யாரோ வயிற்றில் இறங்கும் என்று அக்கா அவரைத் திருப்பி அனுப்பிவருகிறார். "கம்பெனி வண்டியும் அதே வேலையத்தான் பண்ணுதுன்னா, நான் இன்னாத்துக்கு நல்லவளா கீறேன்?" என்றார்.

அதைக் கண்ணால் பார்த்துவிட, செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குக் கம்பெனியின் குட்டியானை வேனில் ஏறிக்கொண்டேன். டிரைவர் பாபு, முப்பது வயது இருக்கும், கலகலப்பானவர். அந்தக் கலகலப்பே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பூந்தமல்லியிலிருந்து ஆவடி பத்து கிலோமீட்டர் சொச்சம்தான். மெட்ரோ வேலையில் ஊர்ந்து, வழியில் இரண்டு ஓட்டல்களில் கேன் ஏற்றி, ஆவடி சேரப் பத்து மணியாகிவிட்டது. அங்கிருந்து கம்பெனி குடோன் இருக்கும் அம்பத்தூர் பக்கம் திரும்ப வேண்டிய வண்டி கோவில்பதாகைக்குத் திரும்பியது.

"இங்க ஓட்டல் ஏதும் இல்லையே?" என்றேன்.

"சின்ன வேல ஒண்ணு கீதுக்கா. நீங்க வண்டிலயே குந்துங்க."

பாதி இறக்கிய ஷட்டர் முன்னால் நிறுத்தி, ஒரு கேனை இறக்கினார். அக்கா அடையாளத்துக்காகச் சிவப்புத் துணி கட்டிய கேன். அது ஷட்டருக்குள் போய் மறைந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. பின்னாலேயே குனிந்து நுழைந்தேன்.

உள்ளே அடுப்பு இல்லை, வாணலி இல்லை. சுவரோரம் சென்டரிங் பலகைகள் அடுக்கியிருந்தன. ஒருவர் துணியை எண்ணெயில் தோய்த்துப் பலகையில் தடவிக்கொண்டிருந்தார். கான்கிரீட் ஒட்டாமலிருக்க இப்படித் தடவுவார்களாம்.

பாபுவின் முகம் மாறியிருந்தது. "நம்ம மச்சான் கடை, அக்கா. பஜ்ஜி சுட குடுக்கறேன்னு நெனச்சீங்களா? எனக்கும் பசங்க கீது."

"கம்பெனிக்குத் தெரியுமா?"

பாபு வெளியே வந்து வண்டியைக் கிளப்பினார். அடுத்து நிறுத்தியது மண்ணூர்பேட்டையில்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய கம்பெனி குடோன் அது. தரையெல்லாம் வழுக்கல், ஊசிப்போன அப்பள வாசனை. சூப்பர்வைசர் கலா கேன்களை எடை போட்டு, வடிகட்டித் தொட்டியில் ஊற்றச் செய்தார். மூலையில் ஒரு பேரலில் எண்ணெய் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. இது என்ன பழசா என்று கேட்டேன்.

"அதான் திருப்பி அனுப்பறோம். பழைய எண்ணெய்க்கு விலை ஏறினதுலேர்ந்து புது எண்ணெயையே பழசுன்னு சொல்லிக் கொண்டுவராங்க. புது எண்ணெயை எரிக்கறதுக்கா இவ்ளோ பாடு?" என்றார்.

"பழசு எல்லாம் விமானத்துக்குப் போகுதா?"

கலா தொட்டியின் மூடியைப் போட்டார். "பாதிக்கு மேல லாரி டீசலுக்குத்தான் மேடம் போகுது. ப்ளேனுக்குன்னு கேட்டு வாங்கறவங்களுக்குத் தனி டேங்கர். கேட் தாண்டினா எனக்கும் தெரியாது. வாங்கினவங்க அனுப்பற பேப்பர்ல இருக்கறதை நம்பறேன்."

திரும்பும்போது பூந்தமல்லிக்கு பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டி, செலவே இல்லை. வழி முழுக்க, பாபுவைப் பற்றி அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். சொல்லாவிட்டால் எதற்காகப் போனேன்? எல்லாவற்றையும் சொன்னேன். குடோன் கேட்டுக்கு அப்பால் எதையும் பார்க்கவில்லை என்பதையும்.

அக்கா சமோசா மடிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். "யார் வாய்க்கும் போவல இல்ல?"

"நான் பார்த்தவரை இல்லை."

உடனே பாபுவுக்கு போன் போட்டார். "பலகைக்கு எண்ணெ வேணும்னா உன் மச்சானாண்ட சொல்லி என்னாண்ட நேரா கேக்கச் சொல்லு. ப்ளேனுக்குன்னு சொல்லி எட்த்துகினு போனத வழியில எறக்காத, நைனா." திட்டவில்லை. எனக்கென்னவோ திட்டியிருந்தால் பாபுவுக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

நீங்களும் இப்படிப் போவதானால் குடோனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வழுக்காத ஷூ போடுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். காலை எட்டரைக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். வண்டி எங்கே நின்றாலும் கூடவே இறங்குங்கள்.

நான் இறங்கியது சரிதான். ஆனாலும் விமானம்வரை என் கண் எட்டவில்லை. பசுமை எரிபொருள் என்று யாராவது சொன்னால் இனி முழுதாக நம்பவும் மாட்டேன், சிரித்து ஒதுக்கவும் மாட்டேன். அடுத்த செவ்வாய் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, கேன்களோடு அக்காவே வண்டியில் ஏறினார். பாபு முன் சீட்டைத் துடைத்துக் கொடுத்தார்.