என் பாதத்தை அளந்த இன்ஜினியர்

தாராபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தோம். எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்காரர் ரோட்டைத் தாண்டி வந்து, "மேஸ்திரி, உங்க எஸ்தர் மேடம் காலைல தவறிட்டாங்களாமுங்க. கோயமுத்தூர்ல இருந்து போன்" என்றார். கையில் கம்பி முறுக்கும் கொறடு இருந்தது; அதை எங்கே வைத்தேன் என்று இதுவரை தெரியவில்லை.

நம் கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் அவரை அறியாதவர் குறைவு. கட்டடத்துக்குக் கணக்குப் போட்டு வரைபடம் தரும் இன்ஜினியர். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் எட்டாவதில் இரண்டு முறை தோற்றவன். அந்தத் தைரியத்தில் பீளமேட்டு விடுதி வேலையில் அவருடைய வரைபடத்தையே திருத்தினேன். முதல் தளத்தில் பைப் இறங்க விடும் ஓட்டையின் குறுக்கே கம்பிவலை வரைந்திருந்தார். தவறாக வரைந்துவிட்டார் என்று நினைத்து, கம்பியை ஓட்டையின் ஓரத்தோடு வெட்டிவிட்டேன்.

கான்கிரீட் போடுமுன் மேடம் வந்து பார்த்தார். "ஏனுங்க மேஸ்திரி, இங்க வரோணும்னு வரைஞ்ச கம்பி எங்கீங்க?"

"பைப்பு எறங்கோணுமில்லீங்க மேடம். ஓட்டைக்கு எதுக்குங்க கம்பி?"

"பைப்பு ஆறு மாசம் கழிச்சுத்தானுங்க வரும். அன்னைக்கு வெட்டிக்கலாம். அதுவரைக்கும் இங்க நடக்கறது நீங்கதானுங்களே?"

"பலகை போட்டு மூடிக்கலாமுங்க."

"பலகையை யாராச்சும் எடுத்துருவாங்க. கான்கிரீட்டுல பொதைஞ்ச கம்பியை எடுக்க முடியாதுங்க."

முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கட்டினேன்.

சில வாரம் கழித்து, அதே தளத்தில் தூணுக்குக் குறி போட டேப்பைப் பிடித்தபடி பின்னால் நடந்தேன். ஓட்டை மேல் போட்டிருந்த பலகை இல்லை. முந்தின நாள் அதை எடுத்துப் போய், ஏறி நிற்க வேறிடத்தில் போட்டவன் நானேதான். ஒரு கால் தொடைவரை வலைக்குள் இறங்கியது. உடம்பு கம்பியில் நின்றுவிட்டது. பத்தடிக்குக் கீழே தரையிலிருந்து கம்பிகள் ஈட்டி மாதிரி நின்றன. வேட்டி கிழிந்ததைப் பார்த்து ஆட்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் மகளுக்கு அப்போது மூன்று வயது.

'அன்னைக்கே சொன்னேனே' என்பார் என்று தலைகுனிந்து நின்றேன். மேடம் செருப்பைக் கழற்றச் சொன்னார். குனிந்து, சிமெண்ட் அப்பிய பாதத்தை டேப் வைத்து அளந்தார். "தப்பு என்ர மேலதானுங்க. கால் போற அளவுக்குச் சந்து விட்டுட்டேன்" என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

அடுத்த தளத்து வரைபடத்தில் கம்பிச் சந்து என் பாதத்தைவிடக் குறுகலாக இருந்தது. எட்டாவது தாண்டாத கால், இன்ஜினியர் வரைபடத்துக்குள் போய்விட்டது.

மகள் இப்போது நாலாவது படிக்கிறாள். நான் எழுதிய இதில் எழுத்துப் பிழைகளைத் திருத்தியவள் அவள்தான்.

மேடத்திடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்த ஓர் அளவு. துக்கத்துக்குப் போய்வந்த மறுநாள், மண்டபத் தளத்தில் ஓட்டையின் குறுக்கே கம்பி கட்டச் சொன்னேன்.

"ஓட்டைக்கு எதுக்குங்க கம்பி?" என்றார் என்னோடு கட்டும் பழனிச்சாமி. "சரி, எவ்வளவு சந்து விடோணுமுங்க?"

செருப்பைக் கழற்றிவிட்டு, காலை வைத்துக் காட்டினேன்.