இடம் மாறாத காற்று

என் அக்காவை ஏமாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை. அவள் வருவதைப் பார்த்தாலே காய்கறிக் கடைக்காரர் அழுகல் தக்காளியைத் தானாக எடுத்து ஒதுக்கிவிடுவார். பதினெட்டு வருஷமாக ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறாள். அப்பேர்ப்பட்டவளைத்தான் கட்டின புருஷனும் கூட வேலை பார்க்கும் டாக்டரும் சேர்ந்து முட்டாளாக்கினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருஷம் அத்தானுக்குத் தொப்புளைச் சுற்றி வலி. அக்காவே மேஜையில் படுக்க வைத்து, "மூச்ச இழுத்துப் பிடிங்க, சிரிக்காதீங்க" என்று அதட்டிப் படம் எடுத்தாள். குடலைத் தாங்கிப் பிடிக்கும் கொழுப்பு மடிப்பு படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டும். அத்தானுக்கு அது புகை படிந்தாற்போல வெளுத்திருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டே அக்கா எனக்கு விளக்கினாள். அந்தப் புகைக்கு நடுவிலும் ரத்தக் குழாய்களைச் சுற்றிக் கறுப்பு வளையம் மிஞ்சியிருந்தால் பெரும்பாலும் சும்மா அழற்சிதான், தானாக அடங்கிவிடும். வளையம் காணாமல் போய், கட்டிகள் குழாயை இரண்டு பக்கமும் நெருக்கினால் நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம். அத்தானுக்கு வளையம் இருந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கலாம் என்றார் டாக்டர். அந்த ஆறு மாதமும் அக்கா அந்தப் படத்தைத் திறந்து திறந்து பார்த்து மனப்பாடமே பண்ணிவிட்டாள்.

இரண்டாவது படத்தை அவள் லீவு போட்ட நாளாகப் பார்த்துப் போய் எடுத்துக்கொண்டார் அத்தான். "உனக்கு எதுக்கு வீண் டென்ஷன்?" என்றாராம். மறுநாள் டாக்டர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"பாருங்கம்மா, வளையம் அப்படியே இருக்கு. நிம்மதியா போங்க."

அக்கா எனக்குப் போன் போட்டு, "தப்பிச்சோம்டி!" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

மூன்று மாதம் போனது. ஒருநாள் யாரோ ஒரு பெரியவரின் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சுருக்கென்றது. குடலுக்குள் இருக்கும் காற்று இன்றைக்கு நின்ற இடத்தில் நாளைக்கு நிற்காது. ஆனால் டாக்டர் காட்டிய படத்தில், இடது பக்கம் மூன்று சின்னக் குமிழி, கீழே ஒரு பெரிய குமிழி. முதல் படத்திலும் அதே மூன்று, அதே ஒன்று. ஆறு மாதம் எந்தக் காற்று அசையாமல் நிற்கும்?

அத்தானின் ஃபைலைத் திறந்தாள். நிஜமான இரண்டாவது படம் அங்கேயேதான் இருந்தது. அதில் வளையம் இல்லை.

நேரே டாக்டரிடம் போய் நின்றாள். "பழைய படத்தத்தான் எனக்குக் காட்டினீங்களா சார்?"

அவர் நிமிரவில்லை. "அவர்தாம்மா கெஞ்சிக் கேட்டுக்கிட்டார். ஊசி குத்தி சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்ங்கறார்."

"பதினெட்டு வருஷம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நானாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். சொல்லாதே என்று நோயாளி கேட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானே? பொய்ப்படம் காட்டச் சொல்லி எந்தப் படிப்பில் இருக்கிறது?

அன்று சாயங்காலம் நானும் அந்த வீட்டில் இருந்தேன். அத்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு மாசம்ங்க. ஒரே கட்டில்லதானே படுத்திருந்தோம்?" என்றாள் அக்கா.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "மோசமான படத்தப் பாத்துட்டு வெளிய வந்து, 'பயப்படாதீங்க, டாக்டர் பேசுவார்'னு ஒரு சிரிப்பு சிரிப்பியே. உனக்காகக் காத்துக்கிட்டு அந்த பெஞ்சுல உக்காந்து நிறைய தடவ பாத்திருக்கேன். அந்தச் சிரிப்ப நீ எங்கிட்டயும் சிரிச்சிடுவியோன்னு பயந்துட்டேன்."

அக்காவின் முகம் இளகவே இல்லை.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஊசி. டாக்டர்கிட்ட போன்லயே நேரம் வாங்கிட்டேன். இவளக் கூட்டிட்டுப் போங்க, நான் வரல."

"ஏம்மா... ரிசல்ட் நல்லபடியா வந்துட்டா?"

"வரட்டும். நல்லாத்தான் இருக்குன்னு நீங்களே வந்து சொன்னாலும், இனிமே நான் எப்படிங்க நம்புவேன்?"