சாவி மறையாத நாள்

வன்னியில், தர்மபுரத்தில் இருக்கும் தங்கச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் முதலில் நெதர்லாந்துக்குப் போக வேண்டும். இந்த வளைகுடா நாட்டில் இணையத்தில் முகம் பார்த்துக் கதைப்பதற்குத் தடை. போனில் வீபிஎன் என்றொரு செயலியைப் போட்டு, ஏதாவதொரு வெள்ளைக்கார நாட்டைத் தெரிந்தெடுத்து அழுத்தினால், திரையின் மேல் மூலையில் சின்னச் சாவிப் படமொன்று விழும். அது நிற்கும்வரை நான் நெதர்லாந்துக்காரன். ஊர் அழைப்பும் வரும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, நெதர்லாந்தில் குளிராம். என்ன கோதாரி வாழ்க்கையோ தெரியாது.

பிரச்சினை போனின் நித்திரைதான். திரை இருண்டு கொஞ்ச நேரத்தில், பற்றரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் அந்த வீபிஎன்னை நிறுத்திவிடும். சாவி போய்விடும். தங்கச்சி அங்கே எடுத்தெடுத்துக் களைத்துப்போவாள். இங்கே ஒரு சத்தமும் கேட்காது. என் அறைக்கூட்டாளி நசீர் முல்லைத்தீவு ஆள், இந்த விசயங்களில் கெட்டிக்காரன். உள்ளே போய் எதையெதையோ மாற்றி, "இனிப் படுக்காது மச்சான், எப்பவும் முழிச்சிருக்கும்" என்று தந்தான். அரை நாள் சொல்வழி கேட்டது. பிறகு பழையபடிதான். நாய் வாலை நிமிர்த்தின கதை.

சாதாரண அழைப்பு எடுக்கலாமே என்பீர்கள். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். எப்போதாவது கண் திறப்பார், அவ்வளவுதான். எனக்கு லீவு இல்லை. கடவுச்சீட்டு கம்பனி அலுமாரியில். அந்தக் கண் திறந்திருக்கும்போது என் முகத்தை ஒருதரம் காட்ட வேண்டும், வேறொன்றும் நான் கேட்கவில்லை.

ஒரு நாள் திறந்தாராம். சாவி இல்லாத நேரம். "எவ்வளவு நேரம் எடுத்தனான் அண்ணா" என்று தங்கச்சி அழுதாள். "அப்பா போனைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவர். நீங்கள் வருவியளெண்டு."

அதன்பிறகு நான் போனைக் கண்மூட விடவில்லை. களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும்போதும் ஒரு கை அதைத் தட்டிக்கொண்டே இருக்கும். இயக்கம், ஆமி என்று சண்டையில் வன்னி மூடிக்கிடந்த காலத்தில் ரேடியோ பற்றரிகளை வெயிலில் காயவைத்து, செய்திக்கு மட்டும் போட்டுக் கேட்டவர் அப்பா. செய்தி முடிந்த கையோடு கழற்றிவிடுவார். அவருடைய மகன் நான் இங்கே முழு நாளும் பற்றரியை எரித்துக்கொண்டு நின்றேன். இந்த நாட்டு மேற்பார்வையாளர் கண்டுவிட்டு, ஏன் எந்த நேரமும் மொபைல் என்று கேட்டார். போன் படுத்தால் அழைப்பு வராது என்பதை, "ஸ்லீப், நோ கோல், சேர்" என்றேன். அவர் என் சிவந்த கண்களைப் பார்த்தார். எனக்குத்தான் நித்திரை வருவதில்லை என்று விளங்கிக்கொண்டு, சூடாகப் பால் குடிக்கச் சொல்லித் தோளில் தட்டிவிட்டுப் போனார். நல்ல மனிசன், பாவம்.

ஒரு வியாழக்கிழமை காலையிலிருந்து சாவி ஒரு தரமும் மறையவில்லை. எனக்குப் பெரிய புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. அழைப்பு வரவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்தேன். மத்தியானம் களஞ்சிய வாசலில் நசீர் நின்றான். அவனுக்கு வேலை நகரத்தின் மற்றத் தொங்கலில், அந்தக் கடைசியில். கையில் சோற்றுப் பாசல்.

"சாப்பிட்டியோ?" என்றான்.

"இல்லை. நீ என்ன இந்த நேரத்தில?"

"முதல் சாப்பிடு மச்சான்."

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுச் செய்தியை எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. ஆள் விடுவார்கள். போகிறவர் "சாப்பிட்டாச்சோ" என்று கேட்டு, சாப்பிடாதவரை இருத்திச் சாப்பிட வைத்த பிறகே வாய் திறப்பார். கேட்டபின் சோறு இறங்காது. அப்பாவும் நெடுங்கேணிவரை சைக்கிள் உழக்கி அப்படிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நசீரின் முகத்தைப் பார்க்காமல் அந்தச் சோற்றைத் தின்றேன். என்ன கறியென்று தெரியாது.

"எப்ப?" என்றேன்.

"விடியக்காலமை. கண் திறக்கேல்லையாம்."

பாழாய்ப்போன சாவி அப்போதும் மேலே நின்றது. தங்கச்சியைக் கூப்பிட்டு, ஏன் எனக்கு எடுக்கவில்லை என்று கத்தினேன். "உங்கட போன் வேலை செய்யுதெண்டு தெரியும் அண்ணா" என்றாள். "தனிய நிக்கிற ஆளுக்கு எப்பிடிச் சொல்லுறது? அதுதான் நசீர் அண்ணைக்குச் சாதாரணமா எடுத்தனாங்கள்." அவளில் என்ன பிழை? அப்பா இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்.

அடுத்தநாள் கட்டிலில் போனை வைத்துச் செத்தவீடு பார்த்தேன். வாய்க்கரிசி போட ஐயர் கூப்பிட்டார். தங்கச்சி போனை அப்பாவின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "அண்ணா, நீங்களும் போடுங்கோ" என்றாள். எங்கே போடுவது? நசீர் சமையல் அரிசியில் ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தான். நான் கையை நீட்டி விரித்தேன். அங்கே தங்கச்சியின் அரிசி அப்பாவின் வாய்க்குள் விழுந்தது. என்னுடையது போன் கண்ணாடியில் பட்டுச் சிதறி, கொஞ்சம் அப்பாவின் உதட்டுக்கு மேலேயே கிடந்தது.