கை கொடுத்தவருக்கு ஒரு பங்கு

ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானத்தை விட்டு இறங்குபவரை அழைத்துப்போக அநேகமாக யாரும் வருவதில்லை. விமான நிலையத்துக்கு அடியிலேயே எஸ்-பான் என்கிற நகர ரயில் வந்து நிற்கும். பெட்டியை உருட்டிக்கொண்டு ஏறினால் கால்மணி நேரத்தில் நகரத்தின் நடுவே இறக்கிவிடும். அதுவரை ஒருவரும் வாய் திறப்பதில்லை. எங்கள் கடற்கரை ஊரான திரேஸ்புரத்தில் ஒருத்தர் வெளிநாட்டிலிருந்து வந்தால் வேன் பிடித்துப் பாதித் தெரு கிளம்பிவிடும். திரும்பும்போது வந்தவருக்குத்தான் உட்கார இடமிருக்காது. அந்த இரைச்சலுக்குப் பிறகு இந்த அமைதி எனக்குப் பிடித்தே இருந்தது, அம்மா தனியாக வருகிறாள் என்று ஆகும்வரை.

கணவருக்குக் கப்பலில் வேலை, அப்போது கடலில் இருந்தார். நான் மருத்துவமனையில் நர்ஸ். அன்று பார்த்து விடுப்பு இல்லை. வேலை முடிந்து ஓடினால் நகரத்து ரயில் நிலையத்துக்குத்தான் போய்ச் சேர முடியும். மதுரையைத் தாண்டித் தனியாகப் போகாத அம்மாவுக்குப் போட்டோ போட்டோவாக அனுப்பி வழி சொன்னேன்.

"யம்மா, இங்கன யாரும் யாருட்டயும் பேசமாட்டாங்க. நீயா ஏறி நீயா இறங்கணும்."

"நான் என்ன பச்சப்பிள்ளையாளா? வாரேன், வையி போனை."

நடைமேடையில் நின்றேன். ஒரு ரயில் வந்து போனது, அம்மா இல்லை. அடுத்ததிலும் இல்லை. மாதாவே, என் தாயைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். அதற்கடுத்த ரயிலில் இறங்கினாள். கயிறு கட்டிய அவள் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கோட்டு போட்ட நெட்டை மனிதர் ஒருவர் பிடித்திருந்தார்.

"உங்கள் அம்மா நகரும் படிக்கட்டைப் பார்த்துப் பயந்து நின்றார். பெட்டியின் பிடியை என் கையில் வைத்தார். மறுக்கத் தோன்றவில்லை. நான் போகவேண்டியது எதிர்த்திசை" என்றார் ஜெர்மனில், வெட்கச் சிரிப்போடு.

அதற்குள் அம்மா பெட்டியை அங்கேயே பிரித்து நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள். அவர் பர்ஸை எடுத்து, "எவ்வளவு?" என்றார். அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"ஏளா, வள்ளம் இழுத்த ஆளை வெறுங்கையா அனுப்பலாமா? வாங்கிக்கிடச் சொல்லு."

எங்கள் கரையில் மீன் பிடித்து வள்ளம் வந்தால், அதை மேலே இழுக்க அங்கே நிற்கிற யாரானாலும் கயிற்றில் கை வைப்பார்கள். பிடிக்கட்டுமா என்று கேட்கவும் மாட்டார்கள், அவர்களை அழைக்கவும் வேண்டாம். இழுத்தவருக்கு ஒரு கை மீன் உண்டு. அதைக் கூலி என்று யாரும் சொல்வதில்லை, அவருடைய பங்கு என்பார்கள். தட்டுத்தடுமாறி இதை அவருக்குச் சொன்னேன். அவர் பர்ஸை உள்ளே வைத்துவிட்டு, பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிழைக்க வந்த ஊர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் தாயைத் தாங்கிக் கொண்டுவந்த ஊர் இது. நன்றாக இருக்கட்டும்.

சில வாரங்கள் கழித்து, அம்மாவை ஊருக்கு வழியனுப்பிவிட்டு விமான நிலையத்திலிருந்து தனியாகத் திரும்பிய அன்று, படிக்கட்டில் ஒரு பெண் பெரிய பெட்டியோடு திணறிக்கொண்டிருந்தாள். கேட்காமலே மறுபக்கத்தைப் பிடித்தேன். மேலே சேர்ந்ததும் "டாங்கே" என்று நன்றி சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டாள். இங்கே அத்தோடு முடிந்தது, எனக்கும் தெரியும். ஆனாலும் என் கை கொஞ்ச நேரம் விரிந்தபடியே இருந்தது, பங்கு மீனுக்காக.