நடு மேசை

ஹோட்டலுக்குப் போனால் அப்பா நடு மேசையைத்தான் தேடுவார், சாப்பிட்டு எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆக்குவார் என்று பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேலி செய்கிறீர்கள். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் காரணம். அதை எழுதி வைக்கிறேன்.

அப்போது நாங்கள் ஊரப்பாக்கத்தில் இருந்தோம். எனக்கு ஆறு வயது. என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா டூரிஸ்ட் வேன் ஓட்டினார். வாரத்தில் நாலு நாளாவது யாரோ ஒரு குடும்பத்தை, அவர் பாஷையில் ஒரு ‘பார்ட்டி’யை, மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போவார். திரும்பி வந்து அவர் சொல்லும் கதையில் கடலும் இருக்காது, கல் ரதமும் இருக்காது. திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு ஹோட்டல்தான் இருக்கும். அங்கே அவருக்கென்று பின்னால் தனி ரூமாம். போய் உட்கார்ந்ததும் கேட்காமலே சோறும் வறுத்த மீனும் வருமாம். முன்னால் இருக்கும் ஜனங்கள் அதுவரைக்கும் இலைக்கே காத்திருப்பார்களாம். என் நைனா ஒரு குட்டி ராஜா என்றே நான் நம்பியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் கேட்டு வேனை எங்களுக்காக எடுத்து வந்தார். காக்கி போடவில்லை. வெள்ளைச் சட்டை, அவரே தேய்த்தது. அம்மாவையும் என்னையும் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டார். செங்கல்பட்டு ஏரிக்கரையில் வேகத்தைக் குறைத்து, வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுவது போலவே எங்களுக்கும் ஏரியைக் காட்டினார்.

ஹோட்டலில் நுழைந்ததும் கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்த, பார்ட்டி எங்க?”

“இவங்கதான் இன்னிக்குப் பார்ட்டி,” என்றார் நைனா.

நேராகப் போய் நடு மேசையில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். சட்டைக் கையை அவசரமில்லாமல் மடித்துவிட்டுக்கொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இலை வரவில்லை. மற்ற ஜனங்களைப் போல நாங்களும் காத்திருந்தோம். ராஜாவைக் கொண்டுவந்து கூட்டத்தில் உட்கார வைத்துவிட்டார்களே என்று அழுகை முட்டியது.

“இங்க வாணாம் நைனா. நம்ம ரூமுக்குப் போலாம்.”

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். “வருசம் பூரா ஊரான் குடும்பத்த இங்க கொண்ணாந்து உக்கார வெச்சாரு. ஒரு நாளு நாம உக்காந்தா உனுக்கு இன்னாடா?”

நான் தரையில் விழுந்து உருண்டேன். ஹோட்டலே திரும்பிப் பார்த்தது.  நைனா மடித்த சட்டைக் கையோடு எழுந்து, “வாடா, நம்ம ரூமுக்கே போலாம்” என்றார்.

அடுப்படிக்குப் பின்னால் இருந்தது அந்த ரூம். ஒரு நீள பெஞ்சு, ஆணிகளில் காக்கிச் சட்டைகள், சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலைந்து டிரைவர்கள். “இன்னா அண்ணாத்த, குடும்பத்தோட டூட்டியா?” என்று ஒருவர் சிரிக்க, எல்லாரும் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். ஒரு டிரைவர் தன் தட்டிலிருந்த மீனை முள் எடுத்துத் தங்கச்சிக்கு ஊட்டினார். அந்த ருசியில் இன்னொரு மீனை நான் இதுவரை சாப்பிட்டதில்லை. நைனா வழக்கம்போல ஐந்தே நிமிடத்தில் முடித்துக் கை கழுவினார். எல்லாரையும் ஜெயித்துவிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் மாமல்லபுரம் வரைக்கும் அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். நைனா பாடிக்கொண்டே ஓட்டினார். அன்றைக்கும் சரி, பிறகும் சரி, அந்த நாளைச் சொல்லி அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. அதற்காகவே அவரைத் தினமும் மனதுக்குள் கும்பிடுகிறேன்.

பார்ட்டி கை கழுவி வருவதற்குள் டிரைவர் வண்டியில் இருந்தாக வேண்டும், அந்த ஐந்து நிமிடத்துக்கு அதுதான் அர்த்தம் என்று அந்த ஆறு வயதுப் பையனுக்கு யாரும் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையை நைனா எதற்காகத் தேய்த்தார் என்று அவனும் கேட்கவில்லை.