சந்துப் பக்கம் ஒரு குழாய்

தொண்ணூறுகளில் கோவையில் எனக்குத் தகர வேலைக் கடை இருந்தது. ஓட்டுக் கூரையின் ஓரத்தில் தகர வாரி பொருத்தி, மழைத் தண்ணீரைக் குழாய் வழியாகத் தரைக்கு இறக்கிக் கொடுப்பேன். ஓர் ஆனி மாதம் கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டனுப்பினார். அவர் வீட்டுக் கூரைத் தண்ணீர், சந்துக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பியின் தறிக் குடோனுக்குள் அடித்துத் தறியில் ஏற்றிய பாவு நூலை நனைத்தது. இரண்டு மழைக்காலமாகச் சண்டை.

"எவ்வளவு தகரம், எத்தன பைப்புன்னு பார்த்துச் சொல்லுங்க. போட்டுட்டா தீந்துது," என்றார்.

ஏணியில் ஏறி அளந்தேன். பெரிய கூரை. "ஒரு குழாய் தாங்காதுங்க. வாசல் பக்கம் ஒண்ணு, சந்துப் பக்கம் ஒண்ணு எறக்கோணும்," என்று மேலிருந்தே சொன்னேன்.

அது தம்பியின் காதில் விழுந்தது. கடப்பாரையோடு வந்தார்.

"ஏனுங்க, எறங்குங்க. சந்துல ஒரு சொட்டு உழுகக்கூடாதுங்க."

"சந்து உனக்கு மட்டும் பாத்தியமாடா?" என்றார் அண்ணன்.

கடப்பாரை ஏணிக் காலில் இறங்கியது. நான் கூரை ஓட்டைப் பிடித்தேன். ஓடு கையோடு வந்தது. முழங்கை தரையில் மோத, உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அண்ணன் என் பையிலிருந்த தகரக் கத்திரியை எடுத்துத் தம்பியின் கன்னத்தைக் கிழித்தார். தம்பி அவர் தோளில் அடித்தார். விழுந்தவரை மறுபடியும் அடித்தார்.

தம்பியின் மனைவி குடோனிலிருந்து ஓடிவந்து நடுவில் புகுந்து புருஷனை நோக்கிக் கையை நீட்டினார். "உட்டுப்போடுங்க மாமா. செத்துப்போயிருவாருங்க."

ஓங்கிய கடப்பாரை நிற்கவில்லை. அந்த அம்மாவின் முன்கை மடங்கித் தொங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் தம்பி கீழே உட்கார்ந்தார். யாரும் அழவில்லை. குடோனில் தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

போலீஸ், ஆஸ்பத்திரி, கேஸ். ஊர்ப் பெரியவர்கள் ராஜி பேசி முடித்தார்கள்.

அடுத்த கோடையில் அந்த அம்மா என் கடைக்கு வந்தார். கை கோணலாகக் கூடியிருந்தது. "ரெண்டு பைப்பும் வேண்டாமுங்க. எல்லாத் தண்ணியும் வாசலுக்கே போற மாதிரிப் பண்ண முடியுங்களா?"

"வாரியை அகலமாக்கி, பெரிய குழாயாப் போட்டா முடியுங்க," என்றேன்.

ஆளை அனுப்பி வேலையை முடித்தேன். என் முழங்கை இன்றும் முழுதாக நீளாது. அண்ணனும் தம்பியும் அதன்பிறகு பேசிக்கொள்ளவில்லை. அந்த அம்மா மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய்வந்தார்.