அசல் பெயிண்டின் விலை

முப்பத்தாறு வருடங்களில் இருபத்து மூன்று லாரிகளை விற்றிருக்கிறேன். ஒன்றைக்கூடக் கீறலோடு விற்றதில்லை. விற்கப்போகும் வண்டியை நாமக்கல்லுக்குக் கொண்டுபோய் ஒடுக்கு எடுத்து, பெயிண்ட் அடித்து, நல்ல டயராக மாற்றி நிறுத்துவோம். அப்போதுதான் வாங்க வருகிறவன் வாயிலிருந்து விலை வரும். எங்கள் பக்கம் லாரி வைத்திருக்கும் எல்லோரும் செய்வது இதுதான். பி.காம். படித்த எனக்கும் இதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

என் மகன் போர்வெல் ரிக் வைத்திருக்கிறான். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் நான் அவன் பேருக்கு எழுதிக் கொடுத்த ஆறு ஏக்கரில் இரண்டை விற்று, மூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் அமெரிக்கக் கார் வாங்கினான். எட்டு சிலிண்டர். அந்த ரகத்தில் ஐந்நூறு கார்தான் செய்தார்களாம். இவனுடையது முந்நூற்றுப் பதினேழு என்று டேஷ்போர்டில் ஒரு தகடு.

"மத்த காரெல்லாம் வெலை எறங்குமுங்கப்பா. இது ஏறும். ஓட்டாம வெச்சிருந்தாப் போதும்" என்றான்.

"ஓட்டாம வெக்கறதுக்கு எதுக்குச் சாமி காரு? பொம்மை வாங்கியிருந்தா நெலமாச்சும் மிஞ்சியிருக்கும்" என்றேன்.

விற்ற இரண்டு ஏக்கரின் வழியாகத்தான் மீதி நான்குக்கும் வாய்க்கால் தண்ணீர் வந்தது. வாங்கியவன் என் சித்தப்பா மகன். தண்ணீரை அவன் தடுக்கவில்லை. ஆனால் போன ஐப்பசியில், அந்த இடத்தை வீட்டு மனைகளாகப் போடப்போவதாகச் சொன்னான். மனை விழுந்தால் எங்கள் நான்கு ஏக்கர் வெறும் மண். போய்க் கேட்டேன்.

"தை முடியற வரைக்கும் பொறுக்கறனுங்கண்ணா. தொண்ணூத்தஞ்சு லட்சம் கொண்டாங்க, திருப்பி எழுதித் தாரேன். அதுக்கு மேல கேக்காதீங்க."

அதே ரகக் கார் ஒன்று ஏலத்தில் ஒரு கோடியே பன்னிரண்டு லட்சத்துக்குப் போனதை மகன் போனில் காட்டினான். காரை விற்று நிலத்தை மீட்பது என்று முடிவானது. பெங்களூரில் இந்த மாதிரிக் கார்களை ஆன்லைனில் ஏலம் விடும் ஒரு கம்பெனிக்கு எழுதினான். சோதித்துப் பார்க்க ஆள் வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் அவன் ரிக்கோடு சத்தீஸ்கருக்குப் போய்விட்டான்.

நான் காரின் உறையை நீக்கிப் பார்த்தேன். முன் பம்பரில் கல் தெறித்த புள்ளிகள் பதினான்கு. இடது கதவில் கீறல் இரண்டு. பானெட்டின் மேல் ஓடும் வெள்ளைப் பட்டை மஞ்சளாகியிருந்தது. இந்தக் கோலத்தில் எவன் கோடி ரூபாய் கொடுப்பான்? மறுநாளே நாமக்கல்லுக்கு ஓட்டிப் போனேன். போக முப்பத்தொரு கிலோமீட்டர், அவ்வளவுதான்.

என் கடைசி ஒன்பது லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர்தான் இதற்கும். காரை இரண்டு சுற்று சுற்றினார்.

"நாலு நாள் குடுங்க. செஞ்ச கம்பெனிக்காரனே வந்தாலும் கண்டுபுடிக்க மாட்டான். ஆனா தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாய்யா?"

"லாரி வித்தது நானா, அவனா?"

அவர் சாவியை வாங்கிக்கொண்டார். வேலை சுத்தமாக இருந்தது. அந்தப் பட்டையை அவர் கையால் இழுத்த நேர்த்திக்கு இன்றும் நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். பழைய டயர் நான்கையும் கொடுத்துவிட்டுப் புதிது போட்டேன்.

மகன் திரும்பிய அன்று காலையிலேயே பெங்களூர் ஆளும் வந்துவிட்டார். இளைஞர். பெயிண்டின் கனத்தை அளக்கும், தீப்பெட்டி அளவிலான ஒரு மீட்டரை எடுத்துப் பானெட்டில் வைத்தார், கதவில் வைத்தார், மறுபடி பானெட்டில் வைத்தார்.

"சார், ஆக்சிடென்ட் ஆன வண்டியா?" என்று மகனிடம் கேட்டார்.

"இல்லைங்களே. அப்படியே அசல்."

"கம்பெனி பெயிண்ட் நூத்தம்பது மைக்ரானைத் தாண்டாது. இதுல இருநூத்தி எண்பது காட்டுது. டயரும் அசல் இல்ல."

மகன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்: "ஆக்சிடென்ட்டெல்லாம் இல்லைங்க தம்பி. விக்கற வண்டியாச்சேன்னு நாந்தான் அடிச்சு வெச்சேன். நல்லாத்தான இருக்குது?"

"ரொம்ப நல்லா இருக்கு சார். கீறலோட விட்டிருந்தா ஒரு கோடிக்கு மேல போயிருக்கும்." அவர் சிரிக்கவில்லை. இந்தக் காரை வாங்குகிறவர்களுக்குத் தொழிற்சாலையில் பூசிய பெயிண்ட்தான் வேண்டுமாம். மேலே வேறு பூச்சு இருந்தால், அடியில் எதையோ மறைக்கிறோம் என்றுதான் நினைப்பார்களாம்.

அவர் போன பிறகு மகன் கேட்டான்: "ஏனுங்கப்பா, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதுங்களா?" அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

கவனித்துச் செய்த வேலைக்கு விலையைக் குறைத்து, கவனிக்காமல் விட்டதற்குக் கோடி கொடுக்கிற சந்தை எனக்கு இன்றும் அருவருப்பாகவே இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தையை நம்பித்தான் நிலத்தை மீட்கக் கிளம்பியிருந்தேன். அதன் விதியை மட்டும் கேட்கவில்லை.

ஏலம் ஏழு நாள் நடந்தது. எழுபது லட்சத்துக்கு மேல் வந்தால் கொடுத்துவிடுவதாக மகன் கையெழுத்துப் போட்டிருந்தான். மீதியை எப்படியாவது புரட்டிக்கொள்ளலாம் என்ற தைரியம். ஐம்பத்தொன்று, அறுபது, அறுபத்தாறு என்று ஏறி எழுபத்தொன்றில் நின்று, அந்த விலைக்கே கார் போய்விட்டது. மீதி இருபத்து நான்கு லட்சம் எங்களுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. தை முடிந்தது.

மாசியில் போய்ப் பார்த்தபோது பதினெட்டு மனைகளுக்குக் கல் நட்டிருந்தார்கள். எங்கள் எல்லையில், வாய்க்காலின் குறுக்கே, ஒரு கொத்தனார் சுற்றுச்சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

"ஏனுங்க பெரியவரே, அங்கிருந்து பாத்தா மட்டம் சரியாத் தெரியுதுங்களா?"

பார்த்தேன். இடப்பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. சொன்னேன். அவர் இரண்டு கல்லைப் பெயர்த்துவிட்டுச் சரியாக வைத்துக் கட்டினார்.